ஒளியிழை இணையத்தின் தலைமதகு

ஒளியிழை இணைப்புப் பெற்ற வீடுகளில் சுவரில் பொருத்திய சிறு பெட்டியை யாவரும் கண்டிருப்பர். அதனை ஆளும் தலைக்கருவி பல கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளதென்பதைப் பலர் அறியார். அதன் பெயர் ஓ.எல்.டி. 2011-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டத்தின் முதற்கட்டத்தில், இக்கருவி வட்டாரத் தொலைபேசி நிலையத்திலும், சிறு பெட்டி ஊராட்சியிலும் அமைக்கப்பட்டன.

இதனைக் கால்வாயின் தலைமதகுக்கு ஒப்பிடலாம். தலைக்கருவியின் ஒரு வாயிலிலிருந்து ஓர் இழை புறப்படுகிறது. வழியில் உள்ள பகிர்வுப் பெட்டி அவ்வொளியை 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கிறது. பகிர்வுப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. ஆயினும் 32 கிளைகளாகப் பிரிந்த ஒளி, ஒவ்வொரு வீட்டிற்கும் 32-இல் ஒரு பங்கினும் சற்றுக் குறைவாகவே சேரும். எனவே சாதாரணமாக 20 கிலோமீட்டர் வரையே இணைப்பு வழங்குவர்.

தலைக்கருவி அனுப்பும் செய்தி எல்லா வீடுகளுக்கும் செல்லும். ஒவ்வொரு பெட்டியும் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பிறர் படிக்க இயலாதவாறு செய்தியை மறைகுறியாக்கி அனுப்பும் ஏற்பாடும் உண்டு. வீடுகளிலிருந்து வருவனவோ ஒரே இழையில் கூடுவதால் மோதிக்கொள்ளக்கூடும். ஆகவே நீர்க்கட்டி வயல்களுக்கு முறை வைப்பதுபோல், தலைக்கருவி ஒவ்வொரு பெட்டிக்கும் நேரம் ஒதுக்குகிறது. ஜி-பான் முறையில் இச்சுற்று நொடிக்கு 8,000 முறை நிகழ்கிறது. தேவை மிகுந்தவருக்கு மிகுதியாகவும், தேவையற்றவருக்குக் குறைவாகவும் அது பங்கிடும். அருகிலுள்ள வீடு முந்திவிடாதபடி, தொலைவையும் அளந்து கணக்கிட்டுக்கொள்ளும்.

இதனால் நாம் அறிய வேண்டுவது யாது? ஒரு வீட்டில் மட்டும் இணைப்பு அற்றால், பழுது பெரும்பாலும் அவ்வீட்டின் பெட்டியிலோ கிளை இழையிலோ இருக்கும். தெரு முழுதும் அற்றால் பகிர்வுப் பெட்டியையும் தலைமை இழையையும் பார்க்க வேண்டும். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்னும் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இவ்விவரத்துடன் புகார் செய்தால் பழுது விரைவில் நீங்கும்.

குடிநீர்க் குழாய்க்கும் சாலைக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு வடம் அறுந்தால் பல ஊர்களின் இணைப்பு ஒருங்கே அற்றுப்போகும். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகக் கருவிகொண்டு உருக்கி ஒட்டவேண்டும். அதுவரை ஓய்வூதியம் பெறுவோரும் சான்றிதழுக்கு விண்ணப்பிப்போரும் காத்திருக்க நேரும். ஆதலின் தோண்டும் முன் வடம் செல்லும் வழியைக் கேட்டறிந்து, ஒப்பந்தக்காரருக்கு அடையாளமிட்டுக் காட்டுதல் ஒவ்வோர் ஊராட்சியின் கடமையாகும்.