தூரிகையும் ஒரு தேசத்தின் மனச்சாட்சியும்

ஒரு தேசத்தின் அரசியலை அறிய விரும்புகிறவர்கள் அதன் சட்டசபை நடவடிக்கைகளையும் தலைவர்களின் பிரசங்கங்களையும் புரட்டிப் பார்ப்பது வழக்கம். அமெரிக்காவைப் பொறுத்தவரையில், அந்நாட்டு வாரப் பத்திரிகைகளில் வெளிவந்த சித்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே, அந்த ஜனசமூகம் எதை நினைத்துப் பெருமிதம் கொண்டது, எதைக் கண்டு அஞ்சியது, எதைப் பார்க்கக் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பதெல்லாம் விளங்கிவிடும். பத்திரிகைச் சித்திரம் கலைக்கூடத்தின் சுவரில் ரசிகர்களுக்காகக் காத்திருப்பதில்லை. அது சாமானியப் பிரஜையின் வீடு தேடிச் சென்று, எழுத்தறியாதவனோடும் பேசுகிறது.

1871-இல், நியூயார்க் நகர நிர்வாகத்தைக் கைக்குள் போட்டுக்கொண்டு பொதுப்பணத்தைச் சூறையாடிவந்த வில்லியம் ட்வீட்டின் கூட்டத்தை, தாமஸ் நாஸ்ட் என்ற சித்திரக்காரர் ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகையில் ஓயாமல் தாக்கினார். பின்னர் ட்வீட் காவலிலிருந்து தப்பி ஸ்பெயினுக்கு ஓடியபோது, 1876-இல் அங்கே அவரை அடையாளம் காண உதவியதும் நாஸ்டின் கேலிச்சித்திரமே. எதிரியின் குற்றத்தை எழுதிக் காட்டுவதற்கு இத்தகைய துணிவு போதும். தன்னைக் கொண்டாடும் வாசகர்களின் குற்றத்தையே அவர்கள் முன் எழுதி வைப்பதற்கோ இதனினும் பெரிய துணிவு வேண்டும். அந்தத் துணிவை முதுமையில் பெற்ற ஒருவரின் வரலாறு நாம் அறிய வேண்டியது.

நார்மன் ராக்வெல் 1916-இல், தமது 22-ஆவது வயதில், சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகைக்கு முதல் அட்டைப்படம் தீட்டினார். அடுத்த 47 ஆண்டுகளில் அப்பத்திரிகைக்கு அவர் தீட்டிய அட்டைப்படங்கள் 300-க்கும் மேற்பட்டவை. சிறுவர்களின் விஷமம், பாட்டிமாரின் பரிவு, பண்டிகை நாளின் குதூகலம் என்று, அமெரிக்கர்கள் தங்களை எவ்விதம் காண ஆசைப்பட்டார்களோ அவ்விதமே அவர்களைக் காட்டினார். 1941 ஜனவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பேச்சு, வழிபாடு, வறுமையின்மை, அச்சமின்மை என்ற நான்கு சுதந்திரங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அந்த நான்கையும் ராக்வெல் நான்கு படங்களாக்கினார். 1943-இல் போஸ்டில் பிரசுரமான அவற்றின் மூலப்படங்கள் ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, 13 கோடி டாலருக்கு மேல் யுத்தக் கடன் பத்திரங்கள் விற்பனையாயின. பேச்சுச் சுதந்திரத்தைக் குறிக்கும் படத்தில், முரட்டு மேற்சட்டை அணிந்த உழைப்பாளி ஒருவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நிற்கிறார். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த கனவான்கள் தலையை நிமிர்த்தி அவர் பேச்சைக் கேட்கிறார்கள். ஜனநாயகத்தின் லட்சியத்தை இதைக் காட்டிலும் எளிமையாகச் சொல்வது அரிது.

ஆயினும், அந்த ஊர்க்கூட்டத்தில் இடமே அளிக்கப்படாத ஒரு கோடிக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களும் அதே தேசத்தில் வாழ்ந்தார்கள். அவர்களைப் பணியாட்களாக மட்டுமே காட்டலாம் என்பது போஸ்டின் நியதியாக இருந்ததென்று ராக்வெல்லே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த அட்டைப்படங்கள் மறைத்ததை, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த ஜேக்கப் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், 1940–41-இல் 60 சிறு பலகைகளில் எழுதிக்கொண்டிருந்தார். தென்மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பி, மூட்டை முடிச்சுகளோடு வடக்கு நகரங்களுக்கு ரயிலேறிய தம் இனத்தவரின் இடப்பெயர்ச்சியே அவற்றின் பொருள். அவற்றுள் 26 படங்களை 1941-இல் ஃபார்ச்சூன் பத்திரிகை வெளியிட்டது.

ராக்வெல் 1963-இல் போஸ்டை விட்டு விலகினார். 1964 ஜனவரியில் லுக் பத்திரிகையில் அவருடைய ‘நம் எல்லோருடைய பிரச்சினை’ என்ற படம் வெளிவந்தது. வெள்ளையருக்கென்று இருந்த நியூ ஆர்லியன்ஸ் பள்ளியொன்றில், நீதிமன்ற உத்தரவின்படி, 1960 நவம்பரில் தன்னந்தனியாகச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி ரூபி பிரிட்ஜஸின் கதையே அது. வெள்ளைக் கவுன் அணிந்து, புத்தகமும் அடிக்கோலும் ஏந்தி, அவள் நிமிர்ந்து நடக்கிறாள். முன்னும் பின்னும் நான்கு மத்திய அரசுக் காவலர்கள். அவர்களுடைய தலைகள் படத்தின் விளிம்புக்கு மேலே போய்விட்டன. முகம் காணக் கிடைப்பது குழந்தைக்கு மட்டுமே. பின்சுவரில் இனத்தைப் பழிக்கும் சொல்லொன்று கிறுக்கப்பட்டிருக்கிறது. எறிந்த தக்காளி சிதறிச் சிவப்பாக வழிகிறது. எறிந்தவர்கள் எங்கே? அவர்கள் படத்தில் இல்லை. சற்று உற்றுநோக்கினால், படத்தைப் பார்க்கும் நாம் நிற்கும் இடமே அக்கூட்டம் நின்ற இடம் என்பது புலனாகும். வாசகரைக் கூண்டில் ஏற்றாமலே விசாரணைக்கு உட்படுத்திய மகத்தான யுக்தி அது.

பாராட்டும் கோபமுமாகக் கடிதங்கள் குவிந்தன. ராக்வெல் பின்வாங்கவில்லை, மிஸிஸிப்பியில் சிவில் உரிமைத் தொண்டர்கள் மூவர் கொல்லப்பட்ட கொடுமையை 1965-இல் அதே பத்திரிகையில் எழுதினார். 2011-இல் சிறுமியின் படம் வெள்ளை மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, நாட்டின் முதல் கறுப்பின ஜனாதிபதியான ஒபாமாவின் அருகில் நின்று ரூபி பிரிட்ஜஸே அதைப் பார்த்தார்.

வாசகர்களை மகிழ்விப்பதற்கென்றே ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்தவர், எழுபதை நெருங்கும் வயதில் அவர்களைச் சஞ்சலப்படுத்தத் துணிந்தார் என்பதில்தான் அவருடைய மேன்மை இருக்கிறது. லட்சியத்தை எழுதிய அதே கை அதன் மீறலையும் எழுதியபடியால், முன்னர்த் தீட்டிய நான்கு சுதந்திரங்களுக்கும் மெய்யான பொருள் கிடைத்தது. இதில் பத்திரிகாசிரியர்களுக்கும் பங்குண்டு. ஒரு பத்திரிகை அடைத்த கதவை மற்றொன்று திறந்திராவிட்டால் அந்தச் சிறுமி லட்சக்கணக்கான இல்லங்களுக்குள் பிரவேசித்திருக்க முடியாது. தன்னைப் புகழும் சித்திரத்தை எந்தச் சமூகமும் வரவேற்கும். தன்னைக் கேள்வி கேட்கும் சித்திரத்துக்கும் அச்சகத்தில் இடம் கொடுக்கும் சமூகத்தில்தான் ஜனநாயகம் உயிரோடிருக்கிறது.