பெரிய வெங்காயமும் பிறநாட்டு இறக்குமதியும்

பெரிய வெங்காயத்தைப் பம்பாய் வெங்காயம் என்று அழைப்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். அது எங்கிருந்து வருகின்றது என்பதை அப்பெயரே உணர்த்தும். இலங்கை இறக்குமதி செய்யும் பெரிய வெங்காயத்தின் பெரும்பகுதி பல்லாண்டுகளாக இந்தியாவிலிருந்தே வந்துள்ளது. தூரமும் குறைவு, விலையும் மலிவு. ஆயினும், ஒரு பண்டத்துக்கு ஒரே நாட்டை நம்பியிருப்பின், அந்நாட்டில் மழை பிழைத்தால் இந்நாட்டில் விலை ஏறும்.

இதற்குச் சான்றுகள் உள. தன் மக்களுக்கு வெங்காயம் தட்டுப்பட்டு விலை உயர்ந்தபோது, இந்தியா 2019 செப்டெம்பர் 29 இல் ஏற்றுமதியைத் தடைசெய்தது. 2020 செப்டெம்பர் 14 இலும், 2023 டிசெம்பர் 8 இலும் அவ்வாறே செய்தது. இறுதியாகக் கூறிய தடை 2024 மே மாதம் வரை நீடித்தது. அக்காலத்தில் இலங்கை வணிகர் பாக்கித்தான், சீனா முதலிய நாடுகளை நாட நேர்ந்தது. 2024 ஏப்ரலில் 10,000 தொன் வெங்காயம் இலங்கைக்கு வரச் சிறப்பு அனுமதி கிடைத்தது. தன் மக்களை முதலிற் பேணும் நாட்டைக் குறைகூறுதல் பொருந்தாது. நம் ஏற்பாட்டையே நாம் திருத்துதல் வேண்டும்.

மாத்தளை, அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் பெரிய வெங்காயம் சிறுபோகத்திற் செய்கைபண்ணப்படுகின்றது. அறுவடை ஆவணி, புரட்டாதியில் ஒருங்கே சந்தைக்கு வருவதால் விலை வீழ்கின்றது. மார்கழியில் விலை ஏறும்போது கமக்காரரிடம் விற்பதற்கு வெங்காயம் இருப்பதில்லை. ஆதலின், பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று.

1. அறுவடைக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன் நீர் பாய்ச்சுவதை நிறுத்துக. பயிரின் முக்காற் பங்கு தாள் சாய்ந்த பின்பே கிளப்புக.

2. பயிரின் பிற்காலத்தில் யூரியாப் பசளை இடுதலைத் தவிர்க்க. இட்டால் கழுத்துத் தடித்து, வெங்காயம் விரைவில் அழுகும்.

3. கிளப்பிய வெங்காயத்தை நிழலில் நன்கு உலர்த்துக. கழுத்தில் ஓர் அங்குலம் விட்டுத் தாளை வெட்டுக. காயம்பட்டவற்றையும் தடித்த கழுத்துள்ளவற்றையும் பிரித்து, முதலில் விற்றுவிடுக.

4. எஞ்சியவற்றைக் காற்றோட்டமுள்ள கொட்டிலில், நிலத்திற் படாது, உயரம் குறைந்த அடுக்குகளாகப் பரப்புக. அழுகியவற்றை அடிக்கடி பார்த்து நீக்குக.

விதையைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். வெங்காயம் நம் நிலத்தில் விளைந்தாலும், விதை பிறநாட்டிலிருந்து வருமாயின் சார்பு நீங்கியதாகாது. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயச் செய்கையாளர் தம் விளைச்சலிலிருந்தே விதை வெங்காயத்தைத் தெரிந்து, பிடிகளாகக் கட்டித் தொங்கவிட்டு, அடுத்த போகத்துக்குப் பேணுவர். பெரிய வெங்காயம் அவ்வாறன்று. தாய்க் குமிழ் போதிய குளிர் பெற்றாலன்றிப் பூந்தண்டு விட்டு விதை தராது. எனவே, விதை உற்பத்தியில் ஈடுபட விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை முன்கூட்டியே அணுகி, முறைகளை அறிந்து தொடங்குதல் வேண்டும்.

நாட்டின் தேவை முழுவதையும் ஒரே போகத்தில் நிறைவேற்றல் இயலாது. ஆயினும், ஒவ்வொரு கமக்காரரும் விளைச்சலில் ஒரு பங்கையேனும் மார்கழி வரை கெடாது வைத்திருப்பின், மற்றொரு தடை வரும் காலத்தில் வாங்குவோர்க்கும் விளைவித்தோர்க்கும் அது பெருந்துணையாகும்.