பூஸ்டரா, கம்பமா?
படம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் பலரும் முதலில் வாங்குவது பூஸ்டர். முதலில் செய்ய வேண்டியதோ ஆன்டெனாவை உயர்த்துவது. டிவி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு குறுக்கே வந்தால் மறைந்துவிடும். 10 மீட்டர் கம்பத்துக்கு அடிவானம் சுமார் 11 கிலோமீட்டர், 100 மீட்டர் கோபுரத்துக்குச் சுமார் 36. ஆக, 47 கிலோமீட்டர் வரை நேர்ப்பார்வை உண்டு. காற்று அலையைச் சற்றே வளைப்பதால் இன்னும் கொஞ்சம் எட்டும். 1980களில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியைப் பார்க்கத் தமிழகக் கடலோர ஊர்களில் நெடுங்கம்பம் நட்டவர்கள் பூமியின் வளைவோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

ஆன்டெனாவில் உள்ள குழாய்களின் அளவும் முக்கியம். 200 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.5 மீட்டர், கேபிள் சேரும் குழாய் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 500 மெகாஹெர்ட்ஸுக்கு 30 சென்டிமீட்டரே அதிகம். குட்டைக் குழாய்கள் உள்ள பக்கம்தான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டிய கூரைகளுக்குப் பஞ்சமில்லை.

அப்படியானால் பூஸ்டர் வீணா? இல்லை. நீண்ட கேபிளில் அலை தேய்வதை அது ஈடுகட்டும். ஆனால் வந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் என்பதால், டிவிக்குப் பக்கத்தில் வைப்பதைவிடக் கம்பத்தின் உச்சியிலேயே பொருத்துவது மேல்.