வாதக் கட்டுரைக்கு எப்படி மதிப்பெண் இடுவது?

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் வளரறி மதிப்பீட்டுக்காக ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். ‘சீமைக் கருவேல மரங்களை முற்றிலும் அகற்ற வேண்டுமா?’ என்பது தலைப்பு. எங்கள் பள்ளி இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. கண்மாய், தரிசு, ஊருணிக் கரை என எங்கு திரும்பினாலும் அந்த மரம்தான். பிள்ளைகள் தினமும் பார்க்கும் பொருள், ஆளுக்கொரு கருத்து இருக்கும், எளிதாக எழுதிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

42 கட்டுரைகள் வந்தன. வண்ண அட்டை, படங்கள், சுருள் கம்பிக் கட்டு என்று 20 பக்கத்தில் வந்த ஒன்றுக்கு 10க்கு 10 போட்டேன். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்களில் ஒரு மாணவன் எழுதியிருந்தான். ‘முற்றிலும் அகற்றக் கூடாது’ என்பது அவன் கட்சி. எழுத்துப்பிழைகள் நிறைய. அவனுக்கு 4 போட்டேன்.

மறுநாள் அந்தத் தாள்களோடு வந்து நின்றான். “டீச்சர், எது தப்புன்னு சொல்லுங்க. திருத்தி எழுதிட்டு வர்றேன்” என்றான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆனால் என்னிடம் பதில் இல்லை. “நாளைக்கு வா” என்று அனுப்பிவிட்டு, அன்று மாலை இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

20 பக்கக் கட்டுரையில் இருந்த பத்திகள் வேறு சிலரின் கட்டுரைகளிலும் அப்படியே இருந்தன. எல்லாம் ஒரே இணையப் பக்கத்திலிருந்து இறங்கியவை. இவனோ கரிமூட்டம் போடும் ஆறு குடும்பங்களைக் கேட்டு, ஆண்டில் எத்தனை மாதம் அந்த வேலை கிடைக்கிறது, அது இல்லாத மாதங்களில் என்ன செய்கிறார்கள் என்று அட்டவணை போட்டிருந்தான். கண்மாயில் பொக்லைன் வைத்து அகற்றிய இடத்தில் தூர் எடுக்காததால் மறுபடி தழைத்துவிட்டதைப் போய்ப் பார்த்து எழுதியிருந்தான். அவன் அப்பாவும் கரிமூட்டம் போடுபவர்தான். தன் வீட்டுச் சோற்றைப் பற்றி அவன் எழுதியதற்கு நான் 4 போட்டிருக்கிறேன். எதற்கு மதிப்பெண் போடுகிறேன் என்று எனக்கே தெரியாமல் போட்டதுதான் காரணம். அதன்பின் நான் கற்றுக்கொண்டதையும் மாற்றிக்கொண்டதையும் இங்கே பகிர்கிறேன்.

வாதத்தின் உறுப்புகள்

‘மரங்களின் பயன்கள்’ என்று எழுதினால் அது தகவல் கட்டுரை. அதை யாரும் மறுக்கப்போவதில்லை. விவரம் அறிந்த ஒருவர் மறுக்கக்கூடிய ஒரு கூற்றைச் சொல்லி, சான்று தேடி நிறுவினால்தான் அது வாத ஆய்வுக் கட்டுரை. தகவல் கட்டுரைக்கான கண்ணோடு இதைத் திருத்தினால் பக்கமும் படமும் கையெழுத்தும்தான் கண்ணில் படும்.

வாதத்தைப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இலக்கணம் சொல்கிறார். நிறுவ வேண்டிய கூற்று ‘பக்கம்’, அதற்கான காரணம் ‘ஏது’, எடுத்துக்காட்டு ‘திட்டாந்தம்’. மலையில் தீ இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிவது ஏது. அடுக்களை திட்டாந்தம். இவற்றில் பிழை நேர்ந்தால் அவை ‘போலி’ என்று வகைப்படுத்தியும் காட்டுகிறார். ஆங்கிலேய மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வெளியிட்ட நூலில் கூற்று, சான்று, இரண்டையும் இணைக்கும் காரணம், கூற்றின் வரம்பு, மறுப்பு என்று வாதத்தைப் பிரித்தார். பல நாடுகளில் பள்ளிகளில் வாதக் கட்டுரை கற்பிக்க இந்தப் பகுப்பு இன்று பயன்படுகிறது.

இவ்விரண்டையும் வைத்து 10 மதிப்பெண்ணை இப்படிப் பிரித்துக்கொண்டேன்.

1. கூற்று தெளிவாகவும் மறுக்கத்தக்கதாகவும் இருக்கிறதா? – 2
2. சான்றுகள் போதுமானவையா, நம்பத்தக்கவையா? – 3
3. சான்று கூற்றை உண்மையில் தாங்குகிறதா? – 2
4. எதிர்த்தரப்பை நேர்மையாகச் சொல்லிப் பதில் தந்திருக்கிறாரா? – 2
5. எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பும் மொழித் தெளிவும் – 1

அட்டைக்கும் படத்துக்கும் பக்க எண்ணிக்கைக்கும் இதில் இடமில்லை. எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டுகிறேன். ஆனால் அது ஐந்தாவது வரியைத் தாண்டி மற்ற வரிகளின் மதிப்பெண்ணைத் தொடுவதில்லை. இந்தப் பட்டியலைத் திருத்தும்போது எடுப்பதில் பயனில்லை. தலைப்பு கொடுக்கும் நாளிலேயே கரும்பலகையில் எழுதி, மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.

சான்றை எடைபோடுவது

முதலாண்டுக் கட்டுரைகளில் அதிகம் வந்த சான்று ‘என்று கூறப்படுகிறது’ என்பதுதான். யார் கூறினார் என்று கேட்டால் வாட்ஸ்அப் என்பார்கள். இப்போது சான்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓர் எழுத்து இடச் சொல்கிறேன். தானே அளந்தது அல்லது கேட்டறிந்தது ‘நே’. அரசு ஆவணம், பாடநூல், நூலகப் புத்தகம் ‘ஆ’. நாளிதழ் ‘செ’. யார் சொன்னது என்று தெரியாதது ‘கே’. ‘கே’ மட்டுமே உள்ள கட்டுரைக்குச் சான்றுப் பகுதியில் 1க்கு மேல் கிடையாது. இந்த எழுத்தைப் போடத் தொடங்கியதும் பிள்ளைகளே ‘கே’யைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது வரிதான் நமக்கும் கடினமானது. சான்று உண்மையாக இருக்கும், கூற்றும் உண்மையாக இருக்கலாம், இரண்டுக்கும் இடையில் பாலம் இருக்காது. ஒரு மாணவி கயிற்றில் கல் கட்டி இரண்டு கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து வந்தாள். கருவேலங்காட்டை ஒட்டிய கிணற்றில் தண்ணீர் ஆழத்தில் கிடந்தது. ‘எனவே இம்மரமே நீரை உறிஞ்சிவிட்டது’ என்று முடித்திருந்தாள். அளந்தது அருமையான வேலை. சான்றுக்கு 3 போட்டேன். ஆனால் அந்தக் கிணறு மேட்டில் இருந்தது, மற்றது கண்மாய்க்குக் கீழே. மேலும், வறண்ட நிலத்திலும் தாக்குப்பிடித்து வளரும் மரம் அது. நிலம் வறண்டதால் மரம் வந்ததா, மரம் வந்ததால் நிலம் வறண்டதா? இதைக் கேள்வியாகவே எழுதி, மூன்றாவது வரிக்கு 1 போட்டுக் கொடுத்தேன். அடுத்த வரைவில் அவள் முடிவை மாற்றவில்லை, சொல்லை மாற்றினாள்: ‘இந்த இரண்டு கிணறுகளை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே மட்டத்திலுள்ள கிணறுகளை ஒப்பிட வேண்டும்.’ அந்த வரிக்காகவே முழு மதிப்பெண் தந்தேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஒருவேளை’, ‘இந்த அளவில்’ என்று எழுதும் மாணவரை நாம் தயங்குபவர் என்று நினைத்துவிடுகிறோம். ஆராய்ச்சியில் அது வலிமை. தன் சான்று எதுவரை செல்லும் என்று அறிந்தவர்தான் அப்படி எழுதுவார்.

எதிர்த்தரப்பு

ஆசிரியர் கொள்ளும் ஏழு வகை மதங்களை நன்னூல் பட்டியலிடுகிறது. பிறர் மதத்தை முதலில் ஏற்று, பின் களைவது அவற்றுள் ஒன்று. பிள்ளைகளுக்கு இதை இப்படிச் சொல்கிறேன்: ‘எதிர்க்கட்சிக்காரர் உன் கட்டுரையைப் படித்தால், நான் சொல்வதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பிறகு மறு.’

அகற்ற வேண்டும் என்பவர் கரிமூட்டக் குடும்பங்களின் பிழைப்பைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அகற்றக் கூடாது என்பவர், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டதையும், கண்மாய்க்குள் இவை அடர்ந்தால் நீர் தேங்கும் இடம் குறைவதையும் தாண்ட முடியாது. ‘சிலர் வேண்டாம் என்பார்கள், அது தவறு’ என்று ஒரே வரியில் முடித்தால் நான்காவது வரிக்கு 0.

நமக்கும் ஒரு கட்சி இருக்கிறதே என்பதுதான் இதில் உள்ள சங்கடம். அகற்ற வேண்டும் என்பது என் கருத்து. அந்த மாணவனுக்கு 4 போட்டதில் அதற்கும் பங்கு இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அதனால் எனக்கு உடன்பாடில்லாத கட்டுரையை முதலில் திருத்துகிறேன். குறைவாகப் போட்டிருந்தால், எந்த வரியில் குறைத்தேன் என்று எழுதிவைக்கிறேன். எழுத முடியாவிட்டால் குறைத்தது தவறு.

ஐந்து நிமிடப் பேச்சு

இணையத்திலிருந்து அப்படியே எடுப்பது முன்பும் இருந்தது. இப்போது கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் முழுக் கட்டுரையும் வந்துவிடுகிறது. குற்றவாளியைப் பிடிப்பதுபோல் தேடினால் நம் நேரம்தான் வீணாகும். மாறாக, வேலையை நான்கு கட்டமாகப் பிரித்துவிட்டேன். முதல் வாரம் கேள்வி மட்டும் ஒரு சீட்டில். இரண்டாம் வாரம் சான்றுக் குறிப்பு. மூன்றாம் வாரம் வகுப்பிலேயே கையால் முதல் வரைவு. நான்காம் வாரம் இறுதி வடிவமும் ஐந்து நிமிடப் பேச்சும். பேச்சில் மூன்றே கேள்விகள்:

– இந்தச் சான்று உனக்கு எப்படிக் கிடைத்தது?
– இதில் உனக்கே சந்தேகமான இடம் எது?
– எதைக் கண்டால் உன் முடிவை மாற்றிக்கொள்வாய்?

தானே எழுதியவர் மூன்றுக்கும் ஏதாவது பதில் சொல்லிவிடுவார். எழுதத் தடுமாறும் பிள்ளைகள் பேச்சில் பளிச்சென்று சொல்வதும் உண்டு. அதையும் அந்தந்த வரியில் சேர்த்துக்கொள்கிறேன்.

42 பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் 210 நிமிடம், அதாவது ஐந்து பாடவேளை. மற்றவர்கள் அந்நேரத்தில் இணையாக அமர்ந்து ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்து, ஓரத்தில் ‘நே, ஆ, செ, கே’ சரிபார்க்கிறார்கள். எல்லாப் பருவத்திலும் இது நடக்காது. ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே ஒரு பாடத்தில் செய்தாலே போதும்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஐந்து கட்டுரைகளை மதிப்பெண் எழுதாமல் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். முதல்முறை எங்கள் தமிழாசிரியையும் நானும் ஒரே கட்டுரைக்கு 8, 5 என்று போட்டிருந்தோம். அவர் நடையைப் பார்த்திருந்தார், நான் சான்றைப் பார்த்திருந்தேன். அரைமணி நேரம் பேசியதில் பட்டியலின் சொற்களே தெளிவாகின.

தாளின் கீழே ‘நன்று’, ‘இன்னும் முயல்க’ என்று எழுதுவதையும் விட்டுவிட்டேன். நன்றாக அமைந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு, அடுத்த வரைவுக்கான ஒரு கேள்வி எழுதுகிறேன். அவ்வளவுதான்.

அந்த மாணவன் இரண்டாம் முறை எழுதி வந்தான். ‘கண்மாய்க்குள்ளும் வரத்துக் கால்வாயிலும் தூரோடு அகற்ற வேண்டும். தனியார் தரிசில் உள்ளதை, மாற்று வேலை கிடைக்கும்வரை விடலாம்’ என்று கூற்றைச் சுருக்கியிருந்தான். 9 போட்டேன். நாளிதழ்ச் செய்தி ஒன்றுக்குத் தேதி எழுதாததால் ஒன்று குறைத்தேன், காரணத்தையும் எழுதினேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “தேதி அடுத்த தடவை எழுதிடுறேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இந்த முறை அவன் கேட்க எதுவும் இருக்கவில்லை.