உங்களுக்குத் தெரியுமா? பேராதனையும் மரபணு வாசிப்பும்

கண்டி மாநகரை அடுத்து, மகாவலி கங்கைக் கரையில் அமைந்த பேராதனைச் சர்வகலாசாலையின் கணினிப் பொறியியல் துறைக்கும், ‘எஃப்5சி’ என்னும் திறந்த மூல மென்பொருளுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

டி.என்.ஏ. இழையை அதிசூட்சுமமான ஒரு துவாரத்தின் வழியே செலுத்துகையில், அங்கே பாயும் மின்னோட்டம் இழையின் அமைப்புக்கேற்ப ஏறியிறங்குகிறது. அந்த ஏற்றவிறக்கங்களை ஒப்பீட்டுக்கான மரபணுத் தொடரோடு பொருத்தி, எவ்வெவ்விடத்தில் மெத்தில் கூட்டம் ஒட்டியிருக்கிறதென்று கண்டறிவது இம்மென்பொருளின் பிரதான உபயோகங்களுள் ஒன்று. கனடாவின் ஜாரெட் சிம்ப்சன் ஆக்கிய ‘நானோபாலிஷ்’ இதனை முன்னரே செய்தது. ஆயினும் நேரத்தை விழுங்கிற்று. அதன் மூலநிரல் யாவரும் பிரித்துப் பார்க்கக் கிடந்தமையால், பேராதனைப் பட்டதாரியாய் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்த ஹசிந்து கமாராச்சியும், பேராதனைத் துறையினர் உள்ளிட்ட சகாக்களும், சிம்ப்சனையும் உடன் சேர்த்துக்கொண்டு, அதன் கடினமான கணிப்பைக் கிராஃபிக்ஸ் செயலிக்கு இசைய மாற்றியெழுதி ‘எஃப்5சி’யை ஆக்கி, 3 முதல் 5 மடங்கு வேகம் கிட்டியதென 2020இல் பிரசுரித்தனர். பெருங்கணினிக் கூடங்கள் மட்டுமன்றி, ‘ஜெட்சன்’ என்னும் சிறு கணினிப் பலகையிலும் அது ஓடுகிறது.