கூட்டமில்லாத அலையைத் தேடி

இலங்கையின் கிழக்குக் கரையிலே, அம்பாறை மாவட்டத்துப் பொத்துவில் ஊரை அடுத்துப் பிறைபோல் வளைந்து கிடக்கும் அறுகம்குடா, ஏப்ரல் முதல் அக்டோபர் வரையில் அலைச்சறுக்குப் பிரியர்கள் பல தேசங்களிலிருந்தும் வந்து கூடும் ஸ்தலமாகப் பெயர்பெற்று அநேக வருஷங்கள் ஆகின்றன. 2019 செப்டம்பரில் சர்வதேசப் போட்டி ஒன்றும் அங்கே நடைபெற்றது. ஆனால் ஓர் அலையில் ஒருவர் செல்வதே இவ்விளையாட்டின் தர்மம். அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அதில் முதல் உரிமை. ஆகையால், குடாவின் தென்கோடியிலுள்ள பிரதான முனையில் ஜனம் பெருகிவிடும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், புதிதாக வந்தவர் பலகைமேல் அமர்ந்து காத்திருப்பதிலேயே காலைப்பொழுதைக் கழிக்க நேரிடுகிறது.

இந்தக் கரையின் அமைப்பை அறிந்தவருக்கு அந்தச் சிரமம் வேண்டியதில்லை. தென் சமுத்திரத்துப் புயல்கள் எழுப்பும் நெடிய அலைகள் ஆயிரக்கணக்கான மைல் பிரயாணம் செய்து வந்து, ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து, ஒவ்வொரு முனையையும் சுற்றி வளைந்து கரையை அடைகின்றன. அப்படி வளையுந்தோறும் அவற்றின் பலம் சிறிது குறைகிறது. ஆதலால் கடல் அடங்கியிருக்கும் நாட்களில், தெற்கே பாணமைக்குப் போகும் வழியிலுள்ள யானைப்பாறை, பீநட் ஃபார்ம் ஆகிய இடங்களையும், அவற்றுக்கும் அப்பால் குமண வனத்தின் வாயிலை ஒட்டிய உகந்தையையும் நாடுவது நலம். தெற்கிலிருந்து வரும் அலை அங்கே அதிகம் குன்றாமல் கிடைக்கும். கடல் பொங்கி, பிரதான முனையில் கூட்டம் நெருக்கும் நாளிலோ, வடக்கேயுள்ள விஸ்கி பாயின்டும் பொத்துவில் முனையும் உயிர் பெறுகின்றன. பாறையடி கொண்ட பிரதான முனையைவிட, மணலடி கொண்ட பொத்துவில் முனை பழகுவோருக்கு இதமானது.

இடத்தைப் போலவே வேளையும் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று இக்கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், விடியற்காலையில் அலையின் முகம் வழுவழுப்பாக நிற்கும். வெயில் ஏறியபின் எழும் கடற்காற்று அதைக் குலைத்துவிடும். புதிய இடமொன்றைக் கண்டால் உடனே இறங்காமல், மேடான பாறையில் அரைமணி நேரமாவது அமர்ந்து பார்க்கவேண்டும். நுரை முனையருகே தோன்றி, ஒரே பக்கமாகச் சீராக ஓடிவருமானால் அது ஏறத் தகுந்த அலை; வரிசை முழுவதும் ஒரேயடியாகச் சரிந்து விழுமானால் அதில் பயன் இல்லை. இரு புறமும் நுரை பொங்க, நடுவே மட்டும் அலை உடையாமல் நீர் கலங்கிக் கடலை நோக்கி ஓடும் இடம், பார்வைக்குச் சாந்தமாயிருந்தாலும், மனிதரை இழுத்துச் செல்லும் அபாயமான நீரோட்டமாகும்.

தனிமையான கரை தனிப் பொறுப்பையும் தருகிறது. பாணமைச் சாலையில் அந்தி வேளையில் யானைகள் குறுக்கிடும். கழிமுகங்களில் முதலைகள் உண்டு. உதவிக்கு அழைத்தால் ஓடிவர ஆளிராது. உகந்தையோ முருகன் கோயில் கொண்டிருக்கும் புனித ஸ்தலம். கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்கள் தங்கிச் செல்லும் அவ்விடத்தில், உடையிலும் நடத்தையிலும் அடக்கம் காட்டுவது விருந்தினரின் கடமை. கடற்கரை நெடுகிலும் தோணியும் வலையும் வைத்துப் பிழைப்பவர்களுக்கே முதல் பாத்தியதை. கடலின் அன்றாடக் குணத்தை அவர்களைக் காட்டிலும் அறிந்தவர் இல்லை.

ஆகவே கூட்டமற்ற அலையைத் தேடிப் புறப்படும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: துணையின்றி ஒருபோதும் இறங்காதீர்கள், இறங்குமுன் அவ்வூர் மீனவர் ஒருவரிடம் விசாரியுங்கள், அவர் வேண்டாம் என்றால், அன்று கரையிலேயே இருந்துவிடுங்கள்.