அடைபட்ட சகோதரிக்கு ஒரு துணை

நம் கல்லிடைக்குறிச்சியில், டாக்டர் சொல்லி ஏற்காத செய்தியைக்கூட, பக்கத்தில் அமர்ந்து அப்பளம் இடும் பெண் சொன்னால் நம்பிவிடுகிறோம். எய்ட்ஸ் என்றால் மட்டும் அந்தப் பேச்சும் நின்றுவிடுகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, விபசார வழக்கில் பிடிபட்டு அரசு இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடமும் இரத்தம் சேகரித்தார். ஆறு மாதிரிகளில் கிருமி தெரிந்தது. பிறகு நடந்ததென்ன? தொற்றுள்ள பெண்கள் பலரை, தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை! 1990இல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பின்பே கதவு திறந்தது. அவர்களிடம் பெற்ற இரத்தத்தால் நாடு விழித்தது. அவர்களுக்கோ பூட்டுதான் கிடைத்தது.

1998இல் சென்னையில் கௌசல்யா முதலிய தொற்றுள்ள பெண்களே கூடி, பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கினர். பரிசோதனைக்கு அஞ்சுபவளுக்கும், மருந்தை நிறுத்த எண்ணுபவளுக்கும், தானே அந்நிலையைக் கடந்தவள் சொல்லும் சொல்லே தைரியம் தரும். காவலில் இருப்பவர்களுக்கும் தடுப்பு, ஆலோசனை, சிகிச்சை பெறும் உரிமை உண்டென 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் விடுதலையாகும் நாளில் மருந்து தொடர வேண்டுமே! அங்குதான் கூட வர ஒரு துணை தேவை.

நோயாளியை நலம் விசாரிப்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. சிறையிலிருந்து வந்தவளை மட்டும் அதிலிருந்து விலக்கியது யார்? அவள் தொட்ட மாவினாலோ, நீர் அருந்திய குவளையாலோ இக்கிருமி பரவாது. அப்பளப் பலகையின் முன் அவளுக்கும் ஓர் இடம் விடுவீர்களா?